படித்தாலே பரவும்! இணையப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் எக்ஸ்.எஸ்.எஸ். ஆபத்து

2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 25, சனிக்கிழமை. அந்நாளில் இந்தியாவிலும் பிரேசிலிலும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய சமூக வலைத்தளம் ஆர்குட். அன்று ஆர்குட்டைத் திறந்த பலருக்கு நண்பர்களிடமிருந்து ஒரு ஸ்க்ராப் வந்திருந்தது. 'போம் சபாடோ' என்ற இரண்டே வார்த்தைகள். போர்ச்சுகீசிய மொழியில் 'சனிக்கிழமை வாழ்த்து' என்று பொருள். பார்த்தவர்கள் 'இவனுக்கு எப்போது போர்ச்சுகீசியம் தெரிந்தது?' என்று சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் அதே வாழ்த்து அவர்கள் பெயரில் அவர்களுடைய நண்பர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் கேள்விப்பட்டே இராத கம்யூனிட்டிகளில் அவர்கள் உறுப்பினராகவும் ஆகியிருந்தார்கள்.

அவர்கள் எந்த லிங்க்கையும் க்ளிக் செய்யவில்லை. எந்த பைலையும் டவுன்லோடு செய்யவில்லை. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை. வந்த செய்தியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நாம் சொல்லும் முதல் பாடம், 'தெரியாத லிங்க்கை க்ளிக் செய்யாதீர்கள்' என்பது. நல்ல பாடம்தான். ஆனால் க்ளிக் செய்யாமலேயே நேரும் பாதிப்பு ஒன்று உண்டு. வெப்சைட் முகவரி சரியாக இருக்கும், பூட்டுக் குறி இருக்கும், அனுப்பியவர் உங்கள் நண்பராகவே இருப்பார். இதற்கு 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயர். அதிலும் 'சேமிக்கப்பட்ட' வகைதான் அதிகம் தொல்லை தருவது. அது என்ன, எப்படி நடக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பெயர் வந்த கதை

2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர்கள் இந்தக் குறைக்கு இப்பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்காவின் செர்ட் அமைப்பு இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் சி.எஸ்.எஸ். என்றுதான் வர வேண்டும். ஆனால் வெப் பக்கங்களை அழகுபடுத்தும் 'கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்' முறைக்கும் அதே சுருக்கம் இருந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க எக்ஸ்.எஸ்.எஸ். என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ப்ரவுசர் ஒரு பக்கத்தை எப்படிப் படிக்கிறது?

பள்ளிக்கூடத்தில் 'சொல்வதை எழுதுதல்' நினைவிருக்கிறதா? ஆசிரியர் பாடத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் 'முற்றுப்புள்ளி' என்பார், 'அடுத்த பத்தி' என்பார். பாடமும் அவர் குரலில்தான் வருகிறது, கட்டளையும் அவர் குரலில்தான் வருகிறது. எது எழுத வேண்டியது, எது செய்ய வேண்டியது என்று மாணவன்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு ஒரு பையனாவது 'அடுத்த பத்தி' என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டு அடி வாங்குவான்.

ப்ரவுசருக்கும் இதே நிலைமைதான். சர்வரிலிருந்து வரும் ஹெச்.டி.எம்.எல். பக்கத்தில் நாம் படிக்க வேண்டிய எழுத்துகளும், ப்ரவுசர் நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளும் ஒரே வரிசையில் கலந்து வருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது < மற்றும் > ஆகிய கோண அடைப்புக்குறிகள். அவற்றுக்குள் இருப்பது கட்டளை, வெளியில் இருப்பது எழுத்து என்று ப்ரவுசர் எடுத்துக்கொள்ளும்.

கட்டளைகளில் பல சாதுவானவை. இந்த வார்த்தையைத் தடித்த எழுத்தில் காட்டு, இங்கே ஒரு படம் வை என்பவை போன்றவை. 'ஸ்கிரிப்ட்' என்ற கட்டளை அப்படியல்ல. அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு புரோகிராமையே வைக்கலாம். உங்கள் சார்பில் செய்தி அனுப்பவும், படிவத்தை நிரப்பவும், பக்கத்தில் தெரிவதை மாற்றவும் அந்தப் புரோகிராமால் முடியும்.

அந்தக் கட்டளையை எழுதியது வெப்சைட்டை உருவாக்கியவரா, அல்லது அந்தத் தளத்தில் நேற்று கணக்குத் தொடங்கிய யாரோ ஒருவரா? ப்ரவுசருக்கு இது தெரியாது. சொல்வதை எழுதும் வகுப்பில் பின் பெஞ்சுப் பையன் ஆசிரியர் குரலிலேயே 'அடுத்த பத்தி' என்று சொன்னால் வகுப்பு முழுவதும் அடுத்த பத்திக்குப் போய்விடும் அல்லவா? எக்ஸ்.எஸ்.எஸ். என்பது இவ்வளவுதான்.

செய்து பாருங்கள்

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே, இன்டர்நெட் இணைப்பு இல்லாமலேயே பார்த்துவிடலாம்.

1. நோட்பேடைத் திறந்து உங்கள் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.

2. பெயருக்கு முன்னால் < குறி, ஆங்கிலச் சிறிய எழுத்து 'பி', > குறி ஆகிய மூன்றையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்யவும். பெயருக்குப் பின்னால் < குறி, / குறி, மீண்டும் 'பி', > குறி ஆகிய நான்கையும் டைப் செய்யவும்.

3. பைல் மெனுவில் 'சேவ் ஆஸ்' க்ளிக் செய்யவும். 'சேவ் ஆஸ் டைப்' என்ற இடத்தில் 'ஆல் பைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பைலுக்கு ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு பெயர் கொடுத்து, அதன் பின் ஒரு புள்ளி வைத்து, ஹெச், டி, எம், எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டெஸ்க்டாப்பில் சேமிக்கவும். நோட்பேடை மூட வேண்டாம்.

4. டெஸ்க்டாப்பில் அந்த பைலை டபுள் க்ளிக் செய்யவும். ப்ரவுசர் திறந்து உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டும். நீங்கள் டைப் செய்த குறிகள் எதுவும் தெரியாது. அவற்றை ப்ரவுசர் கட்டளையாக எடுத்துக்கொண்டது.

5. இனி நோட்பேடுக்குத் திரும்பி, இரண்டு இடங்களிலும் உள்ள < குறியை மட்டும் அழிக்கவும். அந்த இடத்தில் & குறி, ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 'எல்', 'டி', பின் ; குறி ஆகிய நான்கையும் டைப் செய்யவும். சேமித்துவிட்டு ப்ரவுசரில் எஃப்5 கீயை அழுத்தவும்.

இப்போது பெயர் தடித்துத் தெரியாது. மாறாக, முதலில் டைப் செய்த கோணக் குறிகளும் 'பி' எழுத்தும் அப்படியே திரையில் தெரியும். அந்த நான்கு எழுத்துச் சேர்க்கைக்கு 'இங்கே < குறியை வெறும் எழுத்தாகக் காட்டு, கட்டளையாக எடுக்காதே' என்று பொருள். இப்படி மாற்றுவதை 'எஸ்கேப் செய்தல்' என்பார்கள்.

நோயும் மருந்தும் இந்த ஐந்து படிகளில் அடங்கிவிட்டன. நான்காவது படி நோய், ஐந்தாவது படி மருந்து.

சேமிக்கப்பட்ட வகை ஏன் மோசம்?

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமி. மானாவாரி விவசாயம்தான் அதிகம். மழை வருவதற்கு முன்பே காய்ந்த நிலத்தில் விதைத்துவிடுவது இங்கே வழக்கம். விதை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். மேலே பார்த்தால் வெறும் காடுதான். மழை விழுந்ததும் முளைத்துவிடும். விதைத்தவர் அப்போது காட்டில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

சேமிக்கப்பட்ட எக்ஸ்.எஸ்.எஸ். இப்படித்தான் வேலை செய்கிறது. பெயர், முகவரி, கருத்து, விமர்சனம் என்று ஏதாவது ஒரு பெட்டியில் ஒருவன் ஸ்கிரிப்ட் கட்டளையை எழுதிச் சேமித்துவிடுகிறான். அது சர்வரின் டேட்டாபேஸில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அங்கே அதனால் ஒரு கெடுதலும் இல்லை. யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அவருடைய ப்ரவுசரில் அது முளைக்கிறது. ஒருவர் திறந்தாலும் முளைக்கும், ஒரு லட்சம் பேர் திறந்தாலும் ஒவ்வொருவரிடமும் முளைக்கும்.

இன்னொரு வகையில் கட்டளை ஒரு லிங்க்குக்குள் இருக்கும். அதை 'பிரதிபலிக்கும் வகை' என்பார்கள். அதில் மாட்டுவதற்கு அந்த லிங்க்கை நீங்கள் திறக்க வேண்டும். சேமிக்கப்பட்ட வகையில் உங்களை ஏமாற்றி வரவழைக்க வேண்டியதே இல்லை. தினமும் போகும் பக்கத்துக்கு நீங்களே போவீர்கள்.

டோக்கன் கைமாறினால்?

பாஸ்வேர்ட் தெரியாமல் என் கணக்கில் எப்படி வேலை செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு 'குக்கீ' பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். மாலையில் டோக்கனைக் காட்டினால் வண்டி கிடைக்கும். கூட்ட நேரத்தில் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, டோக்கன் நம்பரைத்தான் பார்ப்பார்கள். வெப்சைட்டும் அப்படியே. பாஸ்வேர்டை ஒருமுறை சரிபார்த்ததும் உங்கள் ப்ரவுசருக்கு ஒரு டோக்கன் தந்துவிடும். அதுதான் குக்கீ. அதன்பின் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ப்ரவுசர் அந்த டோக்கனைத் தானாகவே காட்டும்.

பக்கத்துக்குள் நுழைந்துவிட்ட ஸ்கிரிப்ட் இரண்டு வேலைகளைச் செய்யலாம். பாதுகாப்பில்லாத தளம் என்றால் டோக்கனையே படித்து வெளியே அனுப்பிவிடலாம். இல்லையென்றால் டோக்கனைத் தொடாமல், உங்கள் ப்ரவுசருக்குள் இருந்துகொண்டே உங்கள் பெயரில் காரியங்களைச் செய்யலாம். ஆர்குட்டில் நண்பர்களுக்கு வாழ்த்து போனதும், கம்யூனிட்டியில் சேர்ந்ததும் இந்த இரண்டாவது வழியில்தான். சர்வருக்கு அது நீங்கள் செய்ததாகவே தெரியும்.

நடந்த சம்பவங்கள்

2005 அக்டோபர் 4 – மைஸ்பேஸ்: அமெரிக்காவின் அன்றைய பெரிய சமூக வலைத்தளம் இது. சாமி கம்கார் என்ற 19 வயது இளைஞர் தன் புரொபைல் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டை வைத்தார். பக்கத்தைப் பார்த்தவரின் கணக்கில் சாமி நண்பராகச் சேர்ந்துகொள்வார். கூடவே அந்த ஸ்கிரிப்ட் பார்த்தவரின் புரொபைலிலும் ஒட்டிக்கொள்ளும். 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சரிசெய்வதற்காக மைஸ்பேஸ் தளத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2007 ஜனவரியில் அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் தண்டனையாகக் கிடைத்தன. பின்னாளில் அவர் பாதுகாப்பு ஆய்வாளர் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மைஸ்பேஸ் எதையும் தடுக்காமல் இருக்கவில்லை. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற வார்த்தை வந்தால் அதை நீக்கிவிடும். சாமி அந்த வார்த்தையை இரண்டாக உடைத்து, 'ஜாவா' ஒரு வரியிலும் 'ஸ்கிரிப்ட்' அடுத்த வரியிலுமாக எழுதினார். மைஸ்பேஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. சில ப்ரவுசர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டன. கெட்ட வார்த்தைப் பட்டியல் வைத்துத் தடுப்பது போதாது என்பதற்கு இது ஒரு பாடம்.

2007 டிசம்பர் – ஆர்குட்: புத்தாண்டு வாழ்த்துப் போல ஒரு போர்ச்சுகீசிய ஸ்க்ராப் பரவியது. பார்த்தவர்கள் 'ஆர்குட் வைரஸால் பாதிக்கப்பட்டவர்கள்' என்ற பொருள் தரும் கம்யூனிட்டியில் தானாகச் சேர்க்கப்பட்டார்கள். எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டியது.

2010 செப்டம்பர் 21 – ட்விட்டர்: இங்கே பார்க்கக்கூட வேண்டாம், மவுஸ் அம்புக்குறி அந்தச் செய்தியின் மேல் பட்டாலே போதும் என்ற நிலை. அமெரிக்க வெள்ளை மாளிகையின் அன்றைய பத்திரிகைச் செயலாளர் ராபர்ட் கிப்ஸ், பிரிட்டன் முன்னாள் பிரதமரின் மனைவி சாரா பிரவுன் ஆகியோர் கணக்குகளும் தப்பவில்லை. இதே குறையை முந்தைய மாதமே சரிசெய்திருந்ததாகவும், பின்னர் தளத்தில் செய்த ஒரு மாற்றத்தால் அது திரும்ப வந்துவிட்டதாகவும் ட்விட்டர் விளக்கம் கொடுத்தது. நாம் மேலே பார்த்த 'போம் சபாடோ' இதற்கு நான்கு நாள் கழித்து நடந்தது.

அந்த 'போம் சபாடோ' எங்கள் வீட்டிலும் புகுந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். பெரியப்பா மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆர்குட் பார்ப்பார். அவர் பெயரில் சொந்தக்காரப் பையன்களுக்கெல்லாம் அந்த வாழ்த்து போய்விட்டது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியப்பா காதுக்கு விஷயம் எட்டியதும், "கண்ட கண்ட சைட்டுக்கெல்லாம் போயிருப்பே, அதான் வைரஸ் வந்திருக்கு" என்று திட்டித் தீர்த்தார். அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. ஒரு மாதம் ப்ரவுசிங் சென்டர் பக்கம் போகவிடவில்லை.

இன்று சொல்லலாம், அண்ணன் மேல் ஒரு தவறும் இல்லை. குறை அவர் போன தளத்தில் இருந்தது. கூகுள் அதைச் சரிசெய்தது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஆனால் 'நீதான் ஏதோ செய்திருப்பாய்' என்ற பேச்சு மட்டும் இன்னும் மூடப்படவில்லை.

ஆர்குட் போனது, குறை போகவில்லை

இது பெரிய நிறுவனங்களுக்கு வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் நேரடியாக ஆர்டர் எடுத்து கொரியரில் அனுப்பலாம் என்று பலருக்கு ஆசை வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு சிறு தயாரிப்பாளரும் ஆர்டர் எடுப்பதற்கு ஒரு வெப்சைட் போட்டிருந்தார். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, "தம்பி, நீங்க அந்த வேலையிலதானே இருக்கீங்க, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவர் அனுமதியோடு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, சோதனைக்காக ஒரு ஆர்டர் போட்டேன். பெயர் பெட்டியில் நீங்கள் மேலே நோட்பேடில் செய்ததைத்தான் செய்தேன். பெயரின் இரு பக்கமும் கோணக் குறிகளும் 'பி' எழுத்தும். அவர் தன் நிர்வாகப் பக்கத்தில் ஆர்டர் பட்டியலைத் திறந்தார். பெயர் தடித்த எழுத்தில் வந்து நின்றது.

"பேரு தடிப்பா வந்தா என்ன தம்பி, பார்க்க நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

தடித்த எழுத்து வந்ததில் நஷ்டமில்லை. ஆனால் 'பி' கட்டளையை ப்ரவுசர் நிறைவேற்றுகிறது என்றால், அதே பெட்டியில் வரும் 'ஸ்கிரிப்ட்' கட்டளையையும் நிறைவேற்றக்கூடும். அந்த ஆர்டர் பட்டியலைத் திறப்பவர் யார்? கடையின் முதலாளி. அவருடைய டோக்கனுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் அது எடுத்துக்கொடுக்கும். பணம் செலுத்தும் பக்கத்தில் உள்ள க்யூ.ஆர். கோடு படத்தையும் மாற்ற முடியும். படம் மாறினால் கடலையும் வெல்லமும் கூலியும் இவருடையது, பணம் வேறொருவர் கணக்குக்கு. யாராவது 'பணம் அனுப்பினேன், மிட்டாய் வரவில்லை' என்று சண்டைக்கு வரும்வரை தெரியாது. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. தளத்தை அமைத்துக் கொடுத்தவரை அப்போதே போனில் பிடித்துவிட்டார்.

போனில் பேசியவர், "பெட்டியிலேயே அந்தக் குறிகளை டைப் பண்ண முடியாதபடி பண்ணிடறேன் சார்" என்றார். பலரும் செய்வது இதுதான். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, பெட்டியில் வைக்கும் தடை பயன்படுத்துபவரின் ப்ரவுசரில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவன் அந்தப் பெட்டியைத் தொடாமலேயே சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பிவிடுவான். இரண்டு, குறிகளில் நியாயமானவையும் உண்டு. & குறி போட்டு 'அன்ட் சன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கும் கடைக்காரர் என்ன செய்வார்? அதனால் எழுதியது எதுவாக இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், திரையில் காட்டும்போது எஸ்கேப் செய்து காட்ட வேண்டும் என்று விளக்கினேன். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். தேடிப் பார்த்ததில் முகவரி, குறிப்பு, கூப்பன் என்று இன்னும் மூன்று இடங்களில் அதே குறை இருந்தது.

வெப்சைட் அமைத்துத் தருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் கடைக்கோ தொழிலுக்கோ வெப்சைட் போடுவதாக இருந்தால், அமைத்துத் தருபவரிடம் கீழ்க்கண்ட நான்கையும் கேளுங்கள். உங்களுக்கு புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. கேள்வி கேட்டாலே அவர் கவனமாகிவிடுவார்.

1. வாடிக்கையாளர் டைப் செய்யும் ஒவ்வொரு தகவலையும் திரையில் காட்டும் இடத்தில் எஸ்கேப் செய்கிறீர்களா? உங்கள் நிர்வாகப் பக்கமும் இதில் சேரும். ரியாக்ட், ஆங்குலர் போன்ற புதிய கருவிகள் இதைப் பெரும்பாலும் தாமாகவே செய்கின்றன. 'வேண்டாம், அப்படியே காட்டு' என்று புரோகிராமர் சொல்லும் இடங்களில்தான் ஓட்டை விழும்.

2. லாகின் குக்கீக்கு 'ஹெச்.டி.டி.பி. ஒன்லி' என்ற குறி வைத்திருக்கிறீர்களா? இது 2002-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் வந்த வசதி. இது இருந்தால் பக்கத்துக்குள் வரும் ஸ்கிரிப்டால் டோக்கனைப் படிக்க முடியாது.

3. 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' உண்டா? எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று ப்ரவுசருக்குத் தளம் கொடுக்கும் பட்டியல் இது. 2011 முதல் ப்ரவுசர்களில் வரத் தொடங்கியது. முதல் வேலி உடைந்தாலும் இது இரண்டாவது வேலி.

4. க்யூ.ஆர். கோடு, வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மாற்றும்போது பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ மறுபடி கேட்கிறதா?

நீங்கள் செய்ய வேண்டியவை

வெப்சைட்டில் உள்ள குறையை, அதைப் பயன்படுத்தும் நாம் சரிசெய்ய முடியாது. ஆனால் பாதிப்பைக் குறைக்கலாம்.

* வேலை முடிந்ததும் 'சைன் அவுட்' செய்யவும். டேபை மூடினால் மட்டும் போதாது. நல்ல தளங்களில் சைன் அவுட் செய்ததும் டோக்கன் செல்லாததாகிவிடும். வங்கி, ஷாப்பிங் தளங்களில் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ப்ரவுசிங் சென்டரிலோ அடுத்தவர் கம்ப்யூட்டரிலோ இதைக் கட்டாயம் செய்யவும்.

* வங்கி வேலைக்கு ஒரு ப்ரவுசர், மற்றவற்றுக்கு வேறொரு ப்ரவுசர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் உள்ள டோக்கன் மற்றதில் இருக்காது.

* ப்ரவுசர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

* பழக்கமான பக்கத்தில் இருக்கும்போதே திடீரென்று பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ கேட்டு ஒரு பெட்டி வந்தால் டைப் செய்யாதீர்கள். உண்மையான தளத்தின் மேலேயே பொய்யான பெட்டியை வரைந்து காட்ட ஸ்கிரிப்டால் முடியும். டேபை மூடிவிட்டு முகவரியை நீங்களே டைப் செய்து மீண்டும் திறந்து பாருங்கள்.

* 'இந்த வரியைக் காப்பி செய்து அட்ரஸ் பாரில் ஒட்டுங்கள், உங்கள் புரொபைலை யார் பார்த்தார்கள் என்று தெரியும்' என்பது போன்ற செய்திகளை நம்பாதீர்கள். ஆர்குட் காலத்திலேயே இந்த வித்தை இருந்தது. இப்போது எஃப்12 அழுத்தி அங்கே ஒட்டச் சொல்கிறார்கள். இதில் ஸ்கிரிப்டை உள்ளே விடுவது நீங்களேதான்.

* முக்கியமான கணக்குகளுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைக்கவும். நீங்கள் லாகின் செய்திருக்கும்போது நடக்கும் எக்ஸ்.எஸ்.எஸ். தாக்குதலை அது தடுக்காது. ஆனால் பாஸ்வேர்ட் மட்டும் திருடு போனால் காப்பாற்றும்.

பாதிப்பு வந்துவிட்டால்?

உங்கள் கணக்கிலிருந்து நீங்கள் அனுப்பாத செய்தி போனால், முதலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் செய்யவும். ஜிமெயில், ஃபேஸ்புக் போன்றவற்றில் இதற்கு வசதி உண்டு. அதன்பின் பாஸ்வேர்டை மாற்றவும். நண்பர்களுக்குத் தகவல் சொல்லவும். வந்த செய்தியை அழிப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரீன் ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தாருக்கு எழுதவும்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே போன் செய்யவும். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, வேறு எங்கோ உள்ள குறையால் பணம் போயிற்று என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை என்று அது வகை செய்தது. வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து பேசாமல் இருந்த நாட்கள் இந்தக் கணக்கில் வீணாகப் போய்விடும். அதனால் வீட்டில் பிள்ளைகளோ பெரியவர்களோ 'நான் எதுவும் செய்யவில்லை, தானாக நடந்தது' என்று சொன்னால் முதலில் நம்புங்கள். அது உண்மையாக இருக்கக்கூடும். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சில சந்தேகங்கள்

பூட்டுக் குறி இருந்தும் இது எப்படி நடக்கிறது?

உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கே பூட்டுக் குறி உத்தரவாதம். சர்வருக்குள் ஏற்கெனவே கிடக்கும் கட்டளை அதே பூட்டோடு பத்திரமாக உங்களிடம் வந்து சேரும்.

ஆன்டிவைரஸ் தடுக்காதா?

ஆன்டிவைரஸ் முக்கியமாக உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைல்களைப் பார்க்கிறது. இந்த ஸ்கிரிப்ட் நம்பகமான தளத்தின் பக்கத்தோடு சேர்ந்து வந்து, ப்ரவுசருக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும். எனவே முழுவதும் அதையே நம்பியிருக்க முடியாது.

மற்றவர்களின் தளத்தில் கோணக் குறி போட்டுச் சோதித்துப் பார்க்கலாமா?

கூடாது. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைலிலோ, உங்கள் சொந்தத் தளத்திலோ, உரிமையாளர் அனுமதி தந்த தளத்திலோ மட்டுமே செய்யுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவின்படி மோசடி நோக்கத்தோடு அனுமதியின்றி நுழைவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விளையாட்டாகச் செய்தேன் என்று காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருப்பதும் எளிதல்ல. சாதாரணமாகப் பயன்படுத்தும்போது தற்செயலாக ஒரு குறை கண்ணில் பட்டால் அந்தத் தளத்தாருக்குத் தெரிவியுங்கள். அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதலாம். குறையைச் சரிசெய்யும்வரை விவரத்தை வெளியே சொல்ல வேண்டாம்.